செத்தவங்க ஊர்ல ஒரு டிராவல் ஏஜென்ட்

நவம்பர் 2ஆம் தேதி சாயங்காலம் எங்க மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் பக்கம் போயிருக்கீங்களா? முட்டம், குளச்சல், தூத்தூர், எந்த ஊரானாலும் சரி. அன்னைக்குக் கல்லறைத் திருநாள். சில நாள் முன்னாலேயே கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடிச்சு வச்சிருப்பாங்க. அன்னைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் சாம்பிராணியுமா குடும்பம் குடும்பமா வந்து உக்காருவாங்க. சாமியார் வந்து மந்திரிப்பார். பிள்ளைங்க ஓடி விளையாடும். அழுகிறவங்களும் உண்டு, ஊர்க்கதை பேசுறவங்களும் உண்டு.

மெக்சிகோவிலும் இதே நாள்தான் செத்தவர்களின் திருநாள். நம்மூரை விட அங்கே ஆட்டம்பாட்டம் கூடுதல். சீனியில் மண்டையோடு செஞ்சு சாப்பிடுவாங்க, காகிதக்கூழில் எலும்புக்கூட்டுப் பொம்மை பண்ணி அதுக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டி விடுவாங்க. அந்தப் பொம்மைகளை அப்படியே நடக்கவிட்டுப் பேசவிட்ட ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு 1998 அக்டோபர் கடைசியில் வெளிவந்தது. பேரு கிரிம் ஃபாண்டாங்கோ. ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாஸின் விளையாட்டு நிறுவனமான லூகாஸ் ஆர்ட்ஸ் தயாரிப்பு. எழுதி இயக்கினவர் டிம் ஷாஃபர். கதை நாலு வருஷம் நடக்கும். நாலு பாகமும் அந்த நவம்பர் 2லதான் தொடங்கும்.

இதை நான் திரும்பத் திரும்ப விளையாடியிருக்கேன். போன மாசம் மறுபடி ஒரு ரவுண்டு முடிச்சேன். விளையாட்டே ஆடாதவங்களுக்கும் புரியற மாதிரி இதைப் பத்தி எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.

கதை இதுதான். செத்துப்போனவங்க எல்லாரும் முதல்ல செத்தவர் நாட்டுக்கு வந்து சேர்றாங்க. அங்கிருந்து ஒன்பதாவது பாதாள உலகம்ங்கிற கடைசி ஓய்விடத்துக்குப் போகணும். நடந்து போனா நாலு வருஷம். ஆனா உயிரோட இருந்தப்ப நல்லவனா வாழ்ந்திருந்தா 'நம்பர் நைன்' ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கும், நாலே நிமிஷத்துல போயிடலாம். சுமாரா வாழ்ந்தவனுக்குக் கார், கப்பல் மாதிரி ஏதாவது. ஒண்ணுக்கும் உதவாம வாழ்ந்தவனுக்கு ஒரு கைத்தடி. அதன் பிடியில ஒரு திசைகாட்டி இருக்கும், அவ்வளவுதான், நடையைக் கட்டவேண்டியது. நம்ம கதாநாயகன் மேனி கலவேரா, மரணத் துறைன்னு ஒரு அரசு அலுவலகத்தில் டிராவல் ஏஜென்ட். வாழ்ந்த காலத்துல செஞ்ச ஏதோ ஒரு தப்புக்கு இந்த வேலையைப் பாத்துக் கடனை அடைச்சுக்கிட்டிருக்கான். அந்தத் தப்பு என்னங்கிறதைக் கடைசிவரைக்கும் சொல்லவே மாட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயங்கள்ல அதுவும் ஒண்ணு.

மேனிக்கு வர்ற வாடிக்கையாளர் எல்லாம் கைத்தடிக் கேஸ். பக்கத்து அறை டாமினோவுக்கு மட்டும் நல்ல ஆளா வந்து விழுது. கடுப்பான மேனி டாமினோவுக்குப் போகவேண்டிய ஒரு வாடிக்கையாளரைத் தட்டிப் பறிக்கிறான். அவதான் மெச்சே, ஒரு பாவமும் செய்யாதவ. நியாயமாப் பாத்தா அவளுக்கு ரயில் டிக்கெட் வந்திருக்கணும். கம்ப்யூட்டரைத் தட்டினா ஒண்ணுமே இல்லைங்குது. அவ நடந்தே கிளம்பிடுறா. எங்கேயோ ஒரு கும்பல் நல்லவங்க டிக்கெட்டைத் திருடிக்கிட்டிருக்குன்னு மேனிக்குப் புரியுது. மீதிக் கதை முழுக்க அவளைத் தேடிப் போறதுதான்.

இதை நுவார் நகைச்சுவைன்னு சொல்வாங்க. நுவார் என்றால் பிரெஞ்சில் கறுப்பு. 1940களின் ஹாலிவுட்டில் வந்த கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களுக்கு விமர்சகர்கள் வைத்த பெயர். ஜன்னல் தட்டி வழியா கோடு கோடா விழுற வெளிச்சம், சிகரெட் புகை, கெட்டுப்போன ஊர், முழுக்க நல்லவன்னு சொல்லமுடியாத கதாநாயகன். தமிழில் உடனே ஞாபகம் வர்றது வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்', 1954இல் ஏவி.எம். எடுத்தது. ஒரு பாட்டுகூட கிடையாது, சிவாஜி கெட்டவன். ஷாஃபர் எடுத்துக்கொண்ட முன்மாதிரிகள் 'டபுள் இன்டெம்னிட்டி', 'காசாபிளாங்கா', 'சைனாடவுன்'. முதல் படத்தின் நாயகன் இன்ஷூரன்ஸ் விக்கிற ஆள். மேனி மறுவுலகப் பயணம் விக்கிற ஆள். இரண்டு பேருக்கும் கமிஷன்தான் கவலை.

சாகச விளையாட்டுன்னா சுடுறதோ ஓடுறதோ இல்லை. ஊரைச் சுத்திப் பாக்கணும், ஆட்களோட பேசணும், கண்ணுல படுற பொருளைக் கோட்டுக்குள்ள போட்டுக்கணும், எதை எங்கே பயன்படுத்தலாம்னு யோசிக்கணும். டாமினோவின் வாடிக்கையாளரைப் பறிக்கிற இடத்தையே பாருங்க. அலுவலகத்தில் தகவல் எல்லாம் காற்றுக் குழாய் வழியாத்தான் வரும். அந்தக் குழாய்கள் கூடுற அறை பூட்டியிருக்கு. திருவிழாவில் நிக்கிற கோமாளிகிட்ட ரெண்டு பலூன் வாங்கி, பார்சல் கட்டுற அறையில் இருக்கிற ரெண்டு வகை நுரை திரவத்தை ஒவ்வொண்ணுல ஒண்ணா நிரப்பி, மேனியின் அறைக் குழாய்ல விட்டா, உள்ளே போய் வெடிச்சு, ரெண்டும் கலந்து, மொத்தக் குழாயும் அடைச்சுக்கும். பழுது பாக்கிற பூதம் வந்து அறையைத் திறக்கும். அந்தக் கதவு மறுபடி பூட்டாதபடி பண்ணணும். அப்புறம் சீட்டுக்கட்டுல ஒரு சீட்டை எடுத்து, செக்ரட்டரி ஏவா மேசையில இருக்கிற மிஷின்ல ஓட்டை போட்டு, டாமினோவின் குழாயில செருகினா, அவனுக்குப் போற தகவல் நம்ம கைக்கு வந்துடும். படிக்கும்போது கிறுக்குத்தனமா இருக்கும். ஆனா விடை தானாத் தோணும்போது வர்ற சந்தோஷம் தனி. அரசு அலுவலகத்துல ஃபைலை நகத்தத் தெரிஞ்ச நம்ம ஆட்களுக்கு இது இயல்பாவே வரும்.

மறுவுலகத்தை ஆபீஸா பாக்கிறது நமக்குப் புதுசே கிடையாது. எமன் மேனேஜர், சித்திரகுப்தன் கணக்கப்பிள்ளை. காஞ்சிபுரத்துல அவருக்குக் கோயிலே இருக்கு. சினிமாவில் 1980இல் 'யமனுக்கு யமன்', 1990இல் 'அதிசயப் பிறவி', 1995இல் 'லக்கிமேன்'. கடைசிப் படத்தில் கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தன். மேல சொன்ன மரணத் துறைக்கும் அதுக்கும் தூரம் ரொம்பக் கிடையாது. நடக்கிற கதையும் நமக்கு உண்டு. கருட புராணத்தில் உயிர் எமபட்டணத்துக்கு ஒரு வருஷம் நடக்குது. வழியில பதினாறு ஊர், நடுவே வைதரணி ஆறு. அதைக் கடக்கத்தான் பசு தானம். மாசாமாசம் திதி கொடுக்கிறது வழிச்சாப்பாடு. ஆண்டுத் திதியோட பயணம் முடியும். மெக்சிகோ நாலு வருஷக் கணக்கும் அங்கத்திய பழைய ஆஸ்டெக் நம்பிக்கையிலிருந்து வந்தது. ரெண்டு பக்கத்து மனுஷனுக்கும் ஒரே சந்தேகம்தான்: செத்தா உடனே முடிஞ்சிடுமா, இல்லை இன்னும் கொஞ்ச தூரம் இருக்கா?

ஷாஃபர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தபோது நாட்டுப்புறவியல் அறிஞர் ஆலன் டண்டஸிடம் பாடம் கேட்டவர். செத்தவனோட ரெண்டு பைப் பணம் வைப்பாங்கன்னு ஒரு வழக்கத்தை எங்கேயோ படிச்சிருக்கார். ஒண்ணு நெஞ்சு மேல தெரியற மாதிரி, இன்னொண்ணு சவப்பெட்டிக்குள்ளே ஒளிச்சு. எதுக்கு? வழியில ஆவிகள் வழிப்பறி பண்ணும்னு பயம். அங்கேதான் கதை பிடிபட்டிருக்கு. செத்த பிறகும் திருட்டு இருக்குமானா அங்கே குற்றமும் இருக்கும், குற்றம் இருந்தா துப்பறியும் கதையும் இருக்கும். நம்மூர்ல பிணத்தின் நெத்தியில ஒத்தை ரூபா ஒட்டி வைப்பாங்க. அந்த ரூபாயை எவனாவது அடிச்சிட்டான்னா என்ன ஆகும்னு ஒருத்தரும் கதை எழுதலை பாத்துக்கிடுங்க.

ஏற்கெனவே செத்தவனைக் கொலை பண்றது எப்படி? இதுக்கு இவங்க கண்டுபிடிச்ச விடைதான் விளையாட்டிலேயே என்னை ரொம்ப உலுக்கின விஷயம். ஒரு திரவத்தைத் துப்பாக்கியில போட்டுச் சுடுவாங்க. பட்டதும் எலும்பிலிருந்து செடி முளைக்கும், பூக்கும், கொஞ்ச நேரத்துல ஆளே பூங்கொத்தாகி முடிஞ்சு போவான். செத்தவங்க உலகத்தில் உயிர் முளைக்கிறதுதான் சாவு. தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவே பஸ்ல போறப்ப பூ வாசம் தூக்கும். விடியக்காலம் தோவாளைச் சந்தையில் மூட்டை மூட்டையா பிச்சியும் கேந்தியும் சாஞ்சு கிடக்கும். அதைப் பாத்து வளந்தவனுக்கு, வில்லன் ஹெக்டர் லெமான்ஸின் கண்ணாடிப் பூந்தோட்டத்துக்குள்ள நுழையறப்ப முதல்ல அழகாத்தான் தெரியும். இது ஒவ்வொண்ணும் ஒரு ஆளுன்னு அப்புறம்தான் உறைக்கும்.

என் கூட்டுக்காரன் ஒருத்தன், கடற்கரை ஊர்க்காரன், நான் விளையாடுறதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கான். முதல் பாகம் முழுக்கச் சிரிச்சான். மெச்சே தனியா நடந்து கிளம்பற இடத்துல சிரிப்பை நிறுத்திட்டு, "மக்கா, அவளுக்கு டிக்கெட்டு உண்டுல்லா? யாரு எடுத்தது?"ன்னு கேட்டான். ரெண்டு நாள் கழிச்சுத்தான் அவன் எங்கே போய் யோசிச்சான்னு தெரிஞ்சது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஊர்கள்ல ஆழ்கடல் போனவங்க பலர் திரும்பி வரலை. உடம்பும் கிடைக்கலை. பழைய இந்தியச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவுப்படி, ஒருத்தர் உயிரோட இருக்கிறதா அவரைப் பத்தி வழக்கமா கேள்விப்படக் கூடியவங்க ஏழு வருஷம் கேள்விப்படாட்டி, அவர் இருக்கிறார்ன்னு சொல்றவங்கதான் அதை நிரூபிக்கணும். ஏழு வருஷம்! உடம்பு இல்லாதவருக்கு இறப்புச் சான்றிதழ் எப்படி, நிவாரணம் எப்படிங்கிற கேள்வி அப்போ அந்த ஊர்கள்ல எவ்வளவு பேசப்பட்டதுன்னு இங்கே இருக்கிறவங்களுக்குத் தெரியும். "எங்க ஊர்ல சில பேருக்குக் கல்லறையே கிடையாதுவே. கல்லறைத் திருநாளுக்கு எங்கேன்னு போய் மெழுகுவத்தி வைக்க?" என்றான். கடலோரத்துல மணல்ல குத்தி வைக்கிறவங்களும் உண்டுன்னு அவனே சொன்னான்.

சாவை வச்சுச் சிரிக்கிற விளையாட்டை இதோட சேத்துப் பேசலாமான்னு நான் யோசிச்சேன். பேசலாம்னுதான் தோணுது. ஏன்னா இந்த விளையாட்டு செத்தவனைக் கேலி பண்ணலை. செத்தவனோட காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு, உனக்கு ஒண்ணும் பதிவாகலையேன்னு சொல்ற மேசையைத்தான் கேலி பண்ணுது. எங்க நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செஞ்சுக்கிட்டு வந்திருக்கு. அநியாயமாக் கொலையுண்டவங்க தெய்வமாகி நிக்கிற கதைகளைக் கொடைவிழாவில் ராத்திரி முழுக்கப் பாடுவாங்க. அ.கா. பெருமாள் இதைப் பத்தி நிறைய எழுதியிருக்கிறார். கொலைக் கதைக்கு நடுவிலேயே பாட்டுக்காரரும் குடக்காரரும் அடிக்கிற கேலியைக் கேட்டவங்களுக்குத் தெரியும், சிரிப்பினால அழுகை குறையறதில்லை. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லை எடுத்ததும் சும்மா இல்லை.

இனி ருபகாவாவுக்கு வருவோம். இரண்டாம் பாகம் நடக்கிற துறைமுக ஊர் அது. மூடுபனி, பாலம், கலங்கரை விளக்கம், பூனை ஓட்டப் பந்தயம். மேனி அங்கே ஒரு வருஷத்தில் காபிக் கடையைச் சூதாட்ட விடுதியாக்கி, வெள்ளைக் கோட்டு போட்டு முதலாளியா நிக்கிறான், காசாபிளாங்கா ரிக் மாதிரி. கார் ஓட்டுறதுக்குன்னே படைக்கப்பட்ட ஆரஞ்சு நிறப் பூதம் க்ளாட்டிஸ் அங்கே பியானோ வாசிக்குது. முதல் பாகத்துல கைத்தடி கொடுத்து அனுப்பின செல்சோ நடந்து நடந்து இங்கே வந்து சேர்ந்திருப்பார், கையில பெண்டாட்டி படத்தோட. நாம வித்த கைத்தடி, நம்ம கண் முன்னாலேயே தேய்ஞ்சு வந்து நிக்கும். சின்னக் காட்சிதான், ஆனா அதுல இருக்கிற கூச்சம் பெருசு. துறைமுகத்துல தேனீக்கள் வேலைநிறுத்தம் பண்ணுது. நீலச் சவப்பெட்டிங்கிற கவிஞர் கூடாரத்திலிருந்து எடுத்த புரட்சிப் புத்தகத்தை மேனி அதுங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஜீவா பிறந்த பூதப்பாண்டி மாவட்டத்துக்காரன், நான் கொடுக்காம இருப்பேனா.

அந்த ஊர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் மெம்ப்ரியோ. பிணவறை வைத்தியர். பூவா முளைச்சு முடிஞ்சவங்க யாருன்னு அடையாளம் கண்டுபிடிக்கிறதுதான் அவர் வேலை. செத்தவர்களுக்குள்ளே செத்தவர்களை. பேச்சு மெதுவா, களைச்சுப்போய் இருக்கும். நகைச்சுவை விளையாட்டுல அப்படி ஒரு குரலை வைக்க தைரியம் வேணும்.

குறையும் சொல்லணும்ல. மூணாம் பாகம் மெலிஞ்சு கிடக்கு. கடலடியிலும் உலகத்தின் விளிம்பிலும் நடக்கிற சங்கதி, படம் அழகு, கதை நகராது. மெச்சேக்கு ஆரம்பத்தில் இருக்கிற மிடுக்கு அப்புறம் குறைஞ்சு, பாதி நேரம் காத்திருக்கிறவளா ஆயிடுறா. காட்டுக்குள்ள ஒரு கைகாட்டி மரத்தைப் பிடுங்கி வேற இடத்துல நட்டு, அது காட்டுற பக்கம் போகணும். இதை எந்தக் குறிப்பும் இல்லாம கண்டுபிடிச்சவங்க எனக்குத் தெரிஞ்சு இல்லை. நடக்க வைக்கிறதும் சிரமம். திரையில் அம்புக்குறியே கிடையாது. மேனியை டாங்கி மாதிரி திருப்பித் திருப்பி ஓட்டணும். எடுக்கத் தகுந்த பொருள் பக்கத்துல வந்தா அவன் தலை அந்தப் பக்கம் திரும்பும், அதுதான் அடையாளம். அந்தத் தலைத் திருப்பல் மட்டும் அருமையான யோசனை.

படம் ஏன் இன்னும் பழசாத் தெரியலைங்கிறதுக்கும் காரணம் இருக்கு. 1998இன் முப்பரிமாணத்தில் மனுஷ முகம் பாத்தா கொடூரமா இருக்கும், மூக்கெல்லாம் கோணல் மாணல். மெக்சிகோ பொம்மைகள்ல எலும்பை உருளை உடம்பு மேல வெறும் சாயத்தால வரைஞ்சிருப்பாங்க. கம்ப்யூட்டரிலும் எளிய உருவத்து மேல படம் ஒட்டறதுதானே வேலை? குறைபாட்டுக்குப் பொருத்தமான கலையைத் தேடிப் பிடிச்சிட்டாங்க. பின்னணி இடங்கள் முன்கூட்டியே வரைஞ்ச நிலைப் படங்கள். ஆட்கள் மட்டும் முப்பரிமாணம். பீட்டர் மெக்கனலின் இசை ஜாஸும் மெக்சிகோ மரியாச்சியும் கலந்தது. மேனிக்குக் குரல் கொடுத்தவர் கியூபாவில் பிறந்த டோனி பிளானா.

விமர்சகர்கள் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க. கேம்ஸ்பாட் 1998இன் சிறந்த விளையாட்டாவே தேர்ந்தெடுத்தது. விற்பனை? அமெரிக்கக் கடைக் கணக்கில் 2003 வரை சுமார் 95,000 பிரதி. சாகச விளையாட்டோட காலம் முடிஞ்சுபோச்சுன்னு பேச்சு கிளம்பிச்சு. ஷாஃபர் 2000இல் வெளியேறி டபுள் ஃபைன் என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். லூகாஸ் ஆர்ட்ஸ் தொடர்ச்சியா எடுத்துக்கிட்டிருந்த சாகச விளையாட்டுகளைப் பாதியில கைவிட்டது. 2012இல் டிஸ்னி மொத்தத்தையும் வாங்கி, 2013 ஏப்ரலில் விளையாட்டுத் தயாரிப்பையே மூடிட்டாங்க.

ஆனா யாரும் எதிர்பாக்காத இடத்துல இது வேர்விட்டது. பழைய லூகாஸ் விளையாட்டுகள் ஸ்கம் என்ற சொந்த மொழியில் எழுதப்பட்டவை. முப்பரிமாணத்துக்கு அது ஒத்துவரலை. தலைமை நிரலாளர் பிரெட் மொகிலெஃப்ஸ்கி, டாக்டர் டாப்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படிச்சிட்டு, பிரேசிலில் ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவான லுவாங்கிற குட்டி மொழியைத் தேர்ந்தெடுத்தார். போர்ச்சுகீசில் லுவா என்றால் நிலா. எண்ணெய் நிறுவனம் பெட்ரோபிராஸுக்கான வேலையிலிருந்து முளைச்ச மொழி, விளையாட்டுக்குன்னு யாரும் நினைச்சதில்லை. கிரிம் ஃபாண்டாங்கோ அதைக் கையாண்ட பிறகு விளையாட்டு உலகமே பின்னால போச்சு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் லுவா. இன்னைக்கு நாகர்கோவில் பிள்ளைங்க போன்ல ஆடுற ரோப்லாக்ஸுக்கு உள்ளே ஓடுறது லுவாவின் கிளைமொழி. தமிழ் விக்கிப்பீடியாவின் தகவற்பெட்டிகளுக்குப் பின்னாலயும் லுவா நிரல் இருக்கு.

இன்னொரு பக்கம், விளையாட்டே காணாமப் போகிற நிலை வந்தது. கடையில் கிடையாது, சிடி கிடைச்சாலும் புது விண்டோஸில் ஓடாது. பழைய நிரலில் வேகம் கம்ப்யூட்டரின் வேகத்தோட பிணைஞ்சிருந்ததால, லிஃப்டுக்குள்ள ஃபோர்க்லிஃப்டை நிறுத்தவேண்டிய ஒரு இடம் வேகமான கம்ப்யூட்டரில் தாண்டவே முடியாது. அதுக்குத் தனியா ஒரு திருத்தம் விட்டாங்க. 2000களின் தொடக்கத்திலிருந்தே சில ஆர்வலர்கள் சம்பளமில்லாம உக்காந்து, மூல நிரல் கையில இல்லாமலே அதன் எஞ்சினைத் திரும்ப எழுதினாங்க. ரெசிட்யுவல் விஎம் என்று பேர். 2020இல் அது ஸ்கம் விஎம்மோடு இணைந்தது. டபுள் ஃபைனும் டிஸ்னியிடம் உரிமை பெற்று, சோனி உதவியோட, 2015 ஜனவரி 27இல் புதுப்பித்த பதிப்பை வெளியிட்டது. இசையை மெல்போர்ன் சிம்பொனி இசைக்குழுவை வச்சுத் திரும்ப வாசிச்சாங்க. மவுஸால ஆடுற வசதியை ஒரு ரசிகர் முன்னாலேயே சொந்தமாச் செஞ்சு வச்சிருந்தார், அதையே ஏத்துக்கிட்டாங்க.

இப்ப ஆடணும்னு நினைக்கிறவங்க புதுப் பதிப்பையே வாங்குங்க. தள்ளுபடி நாள்ல ஒரு சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கும். பழைய சிடி கையில இருந்தா ஸ்கம் விஎம் போதும். மவுஸ் முறையைத் தேர்ந்தெடுங்க, எழுத்தோட்டத்தைப் போட்டுக்கிடுங்க, ஏன்னா எல்லாரும் வேகமாப் பேசுவாங்க. கைகாட்டி மரத்துக்கு வெக்கப்படாம விடையைத் தேடிப் பாத்துடலாம். ருபகாவா வந்ததும் மட்டும் அவசரப்படாதீங்க. எல்லார்கிட்டயும் எல்லாக் கேள்வியும் கேளுங்க, ஒருதடவை போய் மெம்ப்ரியோகிட்டயும் பேசிட்டு வாங்க.